காபியைக் குறை சொன்னால் கடலில் இறங்கலாம்

டில்லியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ரஜாய்ப் போர்வையை வெயிலில் போடும் வாரம் வந்துவிட்டது. அந்தமானுக்கு எப்போது கூட்டிப் போவீர்கள் என்று கேட்டு நம் சுற்றுலா அலுவலகத்தில் தொலைபேசி அடிக்க ஆரம்பிப்பது இந்த வாரத்தில்தான். இந்த ஊர்க்காரர்களின் மூக்கு அடைக்க ஆரம்பிப்பதும் இதே வாரத்தில்தான். இரண்டும் சேர்ந்து வருவது நம் தொழிலில் ஒரு பெரிய சங்கடம். அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், தமிழ் பேசுவீர்கள், படிப்பதுதான் கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். சிலிண்டரை மாட்டுவது, முகக்கண்ணாடியில் புகுந்த நீரை வெளியேற்றுவது எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாதது ஒன்று உண்டு. ஒருவரை "இன்று வேண்டாம்" என்று நிறுத்துவது எப்படி, நிறுத்திய பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்பது.

தொண்ணூறுகளில் நம் அலுவலகம் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. கோடையில் இமயமலை, குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடும் அந்தமான் கடலும். காட்டில் முடியாதவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்தங்குவார், பாறையைக் கண்டால் உட்காருவார், அட்டைக்கடியைக் காரணம் காட்டிச் செருப்பைக் கழற்றுவார். கடலில் அப்படி இல்லை. படகில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

டில்லிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. நடுங்கும் ஜனவரியில் மூக்கடைப்போடு கிளம்புவார்கள். லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, பயணச் சலுகைக்கு எல்.டி.சி. போட்டாயிற்று, திரும்பிப் போக மனம் வருமா? சிலிண்டரோடு கடலுக்கடியில் முழுகும் நாள் காலையில் சத்தமில்லாமல் ஒரு ஜலதோஷ மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள். மூக்கு திறந்துவிடும், காதும் திறந்துவிடும். சந்தோஷமாக இறங்குவார்கள். மாத்திரையின் வேகம் நீருக்கடியில் இருக்கும்போது தீர்ந்துபோனால்தான் வினை. மேலே வர வர, உள்ளே அடைபட்ட காற்று விரியும். வெளியேற வழி இருக்காது. இறங்கும்போது காது வலித்தால் அப்படியே ஏறிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவது? சிலிண்டரில் இருக்கும் காற்றோ தீர்ந்துகொண்டே இருக்கும்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில், வேறொரு குழுவோடு வந்த ஒரு வங்கி ஊழியருக்கு இப்படித்தான் ஆனது. பயிற்றுநர் அவர் கையைப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தார். படகில் ஏறியபோது அவர் முகக்கண்ணாடிக்குள் ரத்தம். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு காது பழையபடி கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பயிற்றுநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை "அண்ணா" என்பார், ஆனால் வேலையில் அவர் சொல்வதுதான் சட்டம். தீவுகளைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு முதல்முறை அங்கே போய் இறங்கியபோது, பழைய கடற்பயணிகள் எழுதிவைத்த நீரோட்டங்களைப் பற்றி அவரிடம் நீளமாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, நீச்சல் தெரியுமா?" என்றார்.

வங்கி ஊழியரின் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒரு சோதனை கண்டுபிடித்தார். வருகிறவர்களிடம் ஜலதோஷம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேட்டுப் பிரயோசனமில்லை. அதனால் முழுக்கு நாள் காலையில் பால் பவுடரைக் கரைத்து அடுப்பில் வைத்து, வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுவார். அந்தப் பாலில் காபி.

"நம்ம ஆளுங்க எதை வேணா விட்டுக் குடுப்பாங்க அண்ணா, காபியில விட்டுக் குடுக்க மாட்டாங்க. கத்தினாங்கன்னா மூக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். கத்தாதவங்களைத்தான் பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் காபியை ஒருமுறை நானே குடித்துப் பார்த்த பிறகு சந்தேகம் போய்விட்டது.

இனி 2002 ஜனவரி. பொங்கல் முடிந்த அடுத்த வாரம், வியாழக்கிழமை. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவில் கோமதி என்று ஓர் அம்மா இருந்தார். தென்காசிப் பக்கம். மோதி பாகில் அரசு குவார்ட்டர்ஸ். ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. கடற்கரைக்கும் கைப்பையோடுதான் வருவார். ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டு கோடைகள் நீச்சல் குளத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பெண்களோடு சேர்ந்து நீந்தக் கற்றவர். "ஆன்ட்டிஜி, பைர் மாரோ, பைர்!" என்று பயிற்சியாளர் காலை உதைக்கச் சொல்லிக் கத்துவதை அவரே நடித்துக் காட்டுவார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று டில்லியிலேயே கேட்டிருந்தேன்.

"தம்பி, வருஷக்கணக்கா பவளப்பாறை, பவளப்பாறைன்னு ஃபைல்ல நோட்டு எழுதுதேன். இந்தத் தீவுல இதைக் கட்டலாம், அந்தத் தீவுல அதைத் தோண்டக் கூடாதுன்னு எழுதுதேன். ஒரு தடவை கண்ணால பாத்ததில்ல. எப்ப வேணா வேற அமைச்சகத்துக்கு மாத்திருவாங்க. அதுக்குள்ள பாத்துரணும்."

பட்ஜெட் நெருங்கினால் அவருக்கு லீவு கிடையாது. ஆகவே ஜனவரிதான். அந்த வாரம் செவ்வாயும் புதனும் காற்று அடித்ததால் கரையோரம் கழுத்தளவு நீரில் பயிற்சி மட்டும் செய்தோம். முழுகிய பிறகு ஒரு நாளாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாது. சனிக்கிழமை விமானம். மிச்சமிருந்தது அந்த ஒரு காலைதான்.

தென்னைகளுக்கு நடுவே போட்டிருந்த மேஜையில் காபி வந்தது. மயூர் விஹாரிலிருந்து வந்திருந்த ஸ்ரீதரன் தம்ளரை வாய்க்குக் கொண்டு போகும் முன்பே முகத்தைச் சுளித்தார்.

"என்ன மேடம், பால் சட்டியையும் சுரண்டிப் போட்டுட்டீங்களா?"

"இதுக்கு ரயில்வே ஸ்டேஷன் காபி தேவலை" என்றார் அவர் மனைவி. பயிற்றுநர் இருவரையும் பார்த்து மலர்ந்து சிரித்தார். அவர்கள் பாஸ்.

கோமதி அம்மா நிதானமாகக் குடித்து முடித்தார்.

"காபி எப்படிம்மா இருக்கு?"

"ஜோரா இருக்கு. இன்னும் அரைத் தம்ளர் இருந்தா ஊத்து தாயி."

பயிற்றுநர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கணவர் சண்முகமும் அதே காபியை முணுமுணுக்காமல் குடித்தார். அவர் முழுகப் போவதில்லை, கரையில் நாற்காலி போட்டு உட்காரத்தான் வந்திருந்தார். இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து காபியைப் பத்தி எனக்குன்னு தனி அபிப்பிராயம் கிடையாது தம்பி. குடுத்தா குடிப்பேன்."

ஆகவே பேசாமல் குடித்ததை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் மரியாதைக்காகக் குடிப்பவர் இரண்டாம் முறை கேட்க மாட்டார்.

பயிற்றுநரிடம் நான் கற்ற இன்னொன்று, கேள்வியை எப்படிக் கேட்பது என்பது. நான் சாதாரணமாகக் கேட்டேன்: "மாத்திரை எப்பம்மா போட்டீங்க?"

"அஞ்சு மணிக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு, "ஜலதோஷம்லாம் இல்ல தம்பி. மெட்ராஸ் ஏர்போர்ட்ல ரெண்டு தும்மல் போட்டேன். அதான் ஒரு முன்னெச்சரிக்கைக்கு" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை அழுத்திக் காட்டினார். "பாருங்க, ரெண்டு காதும் டப்புன்னு திறக்கு. எங்க வேணா டெஸ்ட் பண்ணிக்கோங்க."

பயிற்றுநர் பரிசோதித்தார். காதுகள் உண்மையாகவே நன்றாகத் திறந்தன. படகுக்காரர் "ஜல்தி, ஜல்தி" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். காற்று மறுபடி எழும்புவதற்குள் போய்த் திரும்ப வேண்டும். பயிற்றுநர் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"அண்ணா, காதைப் பாத்தா விடலாம். காபியைப் பாத்தா விடக் கூடாது. நீங்க சொல்லுங்க. ரெண்டு வருஷமா இவங்களைத் தெரிஞ்சவர் நீங்கதான்."

தெரிந்ததுதான் பிரச்சினை. முன்பின் அறியாத ஒருவராக இருந்தால் வேண்டாம் என்று உடனே சொல்லியிருப்பேன். குளத்தில் கால் உதைக்கக் கற்றதிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். அந்த ஒரு காலைக்காக அவர் பட்ட பாடு அத்தனையும் தெரியும். இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேவையில்லாமல் நிறுத்திவிட்டால், அவருக்கு ஒரு காலை போகும். ஒருவேளை பவளப்பாறையே போகும். தெரிந்தே விட்டுவிட்டால், காது போகலாம். எந்தத் தவறைச் செய்துவிட்டு நான் மறுபடி மோதி பாகில் அவர் வீட்டுப் படி ஏற முடியும்? அவசர நேரத்தில் எனக்கு எப்போதும் உதவிய கேள்வி இது ஒன்றுதான். உங்களுக்கும் உதவும்.

"இன்னிக்கு வேண்டாம்மா" என்றேன்.

அதுவரை தம்பியாக இருந்த நான் சார் ஆகிவிட்டேன்.

"காபி நல்லா இருக்குன்னு சொன்னதுக்கா சார் என்னை நிறுத்துதீங்க?"

"ஆமாம்மா."

ஸ்ரீதரன் சிரித்துவிட்டார். அவர் மனைவி அவரை முறைத்தார். கோமதி அம்மா சிரிக்கவில்லை. கீழே இறங்காமல், முகக்கண்ணாடி மட்டும் போட்டு மேலே மிதந்தபடி பார்க்கலாமே என்றேன். அதற்குத் தடையில்லை.

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போன்னு சொல்லுதீங்க. வேண்டாம். நீங்க கிளம்புங்க" என்று கணவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

படகு கிளம்பியது. நான் போகவில்லை. நிறுத்தப்பட்டவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர்களோடு போய் மீன் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தேன். சண்முகம் சார் மெதுவாக என் பக்கம் வந்து, "கிட்ட போயிராதீங்க தம்பி. இப்ப கடலைவிட அங்கதான் ஆழம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். மதியம் மாத்திரையின் வேகம் தீர்ந்து, அந்த அம்மாவுக்கு மூக்கு அடைத்து, "நல்லவேளை தம்பி" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. படகு திரும்பியது. ஸ்ரீதரன் தம்பதி ஆமையைப் பார்த்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கோமதி அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பாறை என்ன நிறம், உயிரோடு இருந்ததா, வெளுத்திருந்ததா என்று அவர் கேட்டதற்கெல்லாம் அவர்கள் மறுபடி ஆமையைப் பற்றியே சொன்னார்கள். சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று, மூக்கால் ஆழமாக ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

"பாத்துக்கோங்க சார். இப்பவும் நல்லாத்தான் இருக்கு."

சனிக்கிழமை விமானத்திலும் அந்த மூக்கு அடைக்கவில்லை. காபியின் அடிப்பிடித்த மணத்தை அவர் ஏன் உணரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜலதோஷம் மாத்திரையால் அடங்கியிருந்ததா, அன்று வேறு நினைவில் இருந்தாரா, யார் கண்டது? நான் செய்தது சரியா என்று கேட்டால் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இதற்கு நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். நம் தொழிலில் தப்பான முடிவுக்கு உடனே சாட்சி வந்து நிற்கும். சரியான முடிவுக்குப் பெரும்பாலும் சாட்சியே கிடையாது. ஒன்றும் நடக்காத ஒரு சாயங்காலமும் ஒருவருடைய கோபமும்தான் மிஞ்சும்.

டில்லிக்கு வந்த பிறகு நான் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். சண்முகம் சார்தான் எடுத்தார். "அவ பேசற நேரம் இன்னும் வரலை தம்பி" என்றார்.

அந்த வருடம் நவராத்திரி சமயத்தில், மார்க்கெட்டில் வாங்கிய துணிப் பைகள் இரண்டு கைகளிலும் தொங்க, மாடிப்படி ஏறி அந்த அம்மாவே வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"ஜனவரியில எனக்கு ஒரு இடம் போட்டு வைங்க, தம்பி."

தம்பி என்ற அந்த ஒரு சொல்லுக்காக அன்று நான் மனத்துக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"என் மேல கோபம் போயிடுச்சாம்மா?"

"கோபம் இருக்கத்தான் செய்யுது. ஆனா போன மாசம் ஒரு தீவுல படகு நிறுத்த ஜெட்டி கட்டணும்னு ஃபைல் வந்துச்சு. வேண்டாம்னு எழுதினேன். ஒருத்தர் ரூமுக்கே வந்து சண்டை. 'அந்தப் பாறை உடையும்னு உங்களால நிரூபிக்க முடியுமா மேடம்?'ங்கான். எப்படி முடியும்? வேண்டாம்னு எழுதினா அது உடையாது. உடையாத பாறையைக் காட்டி, உடைஞ்சிருக்கும்னு எப்படி நிரூபிக்க? அவன் போன பெறகு உக்காந்து யோசிச்சேன். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை எனக்கு ஜலதோஷம் வராது. வர விட மாட்டேன்."

விடவில்லை. தீபாவளியிலிருந்து குரங்குக் குல்லாய். குளிர்பானம், குல்ஃபி, குளிர்காலக் கல்யாணங்கள் எதுவும் கிடையாது. தும்முகிறவர்கள் ஃபைலை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று செக்‌ஷனில் உத்தரவு. வீட்டில் இருமிய குற்றத்துக்காகத் தன்னைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டதாக சண்முகம் சார் சொன்னார்.

2003 ஜனவரி. அதே தீவு, அதே தென்னை, அதே மேஜை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருந்தது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கோமதி அம்மாவுக்கு இப்போது காபிச் சோதனை தெரியும். மூக்கு அடைத்திருந்தாலும், "பால் அடிப்பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. முதல் நாளே இதைப் பயிற்றுநரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம் அண்ணா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

காலையில் காபி வந்தது. கோமதி அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்ளரை எடுத்தார். மூக்கருகே கொண்டு போனார். நான் என் காபியை இன்னும் தொடவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. பால் என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன்.

தம்ளரை டக்கென்று மேஜையில் வைத்தார்.

"ஏ தாயி, இங்க வா. இதுல என்னத்தைப் போட்ட?"

"ஏன்மா, பால் எதுவும்..."

"பால் நல்லாத்தான் இருக்கு. பாலைப் பத்தி யாரு பேசுதா? ஏலக்காய் போட்டிருக்கியே! காபில யாராவது ஏலக்காய் போடுவாங்களா? டில்லியில டீக்கடை பையா போட்டுத் தர்ற டீன்னு நெனச்சியா இதை? இதைக் குடிக்கவா நான் அங்கேருந்து வந்திருக்கேன்?"

பயிற்றுநர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் தம்ளரை முகர்ந்து பார்த்தேன். ஒரே ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டிருப்பார் போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் மணம். என் வேலைக் காலத்தில் காபிக்காக யார் யாரோ திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அன்றுபோல் காதாரக் கேட்டதில்லை.

"மாத்திரை எப்பம்மா போட்டீங்க?" என்றேன்.

"போன வருஷம்" என்றார்.

படகில் ஏறினோம். இந்த முறை நானும் போனேன். அவர் முதுகுப்புறமாகச் சாய்ந்து நீரில் விழுந்து, பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன். குமிழிகள் வரிசையாக வந்து உடைந்தன. நெடுநேரம் உடைந்துகொண்டிருந்தன. மேலே வந்ததும் வாய்க்குழாயை எடுத்துவிட்டு ஏணியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். காதைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். ஏறச் சொன்னால் ஏறவில்லை. ஒருமுறை குனிந்து, முகக்கண்ணாடி வழியே கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

கரைக்கு வந்தோம். சண்முகம் சார் துண்டை நீட்டியபடி, "பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து, நனைந்த தலையோடு கைப்பையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, காபி ஏதும் இருக்கா?"

"ஏலக்காய் காபிதான்மா இருக்கு."

கடலைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

"சரி, குடுங்க."